தாய்மாமனுக்குப் பாக்கு வைக்கப் போன ஊர்

மகள்களே, வளர்ந்த பிறகும் உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் நேராக எழுதப் பார்க்கிறேன். நானும் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை. பிறகு பை தைக்கிற கார்கானாவில் மிஷினில் உட்கார்ந்தேன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

பாப்பாவின் காதுகுத்துக்குத் தாய்மாமன் ஏன் வரவில்லை என்று நம் சந்தில் ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அவனுக்குத் திமிர் என்கிறார்கள். அக்காவை மறந்துவிட்டான் என்கிறார்கள். பாப்பா, நீ வளர்ந்து அதை நம்பிவிடக் கூடாது. பெரியவளே, நீ கூடவே வந்தாய். ஆனால் பாதியை நீ பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் இது. காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அந்தத் தாய்மாமனைச் சும்மா கூப்பிட முடியாது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், கல்கண்டு, குங்குமம் எல்லாம் வைத்து, நேரில் போய், அவன் இரண்டு கையிலும் கொடுத்து அழைக்க வேண்டும். பாக்கு வைப்பது என்று அதற்குப் பெயர். அவனுக்கு வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

“போன்ல சொல்லிருவோம்ளா. அவன் நம்ம பய தான,” என்றேன் உங்கள் அம்மாவிடம்.

அவள் தாகா கட்டிங் செய்துகொண்டிருந்தாள். தைத்து வந்த சட்டைகளில் தொங்குகிற நூலை வெட்டுகிற வேலை. கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

“போன்ல சொன்னா அது தகவலுங்க. அழைப்பு இல்ல.”

நேரில் போவது என்று முடிவானது. அவளுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது இந்த ஒரு தம்பிதான். அவர்கள் போன பிறகு அவன் நம் அறையில், மேலே பலகைத் தட்டில் படுத்துத்தான் வளர்ந்தான். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போனான். செம்பூரில் ஒரு ஹோட்டலில் காய் வெட்டினான். அங்கே வந்த ஒரு ஆள், கடலுக்கு அந்தப் பக்கம் ரிசார்ட்டில் கிச்சன் வேலை இருக்கிறது என்று கூட்டிப் போனான். முதலில் மாதம் ஒரு தடவை வந்தான். பிறகு பண்டிகைக்கு வந்தான். பிறகு அதுவும் நின்றது. ஊருக்கெல்லாம் லீவு வந்தால் அவனுக்கு வேலை வரும். சீசன் என்பான். தீபாவளிக்கு சீசன், பொங்கலுக்கு சீசன். குழாயடியில் பெண்கள் அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார்கள்: “ஒந் தம்பி இருக்கானா, கல்யாணம் முடிச்சுக்கிட்டு அந்தாலயே போயிட்டானா?” அவள் சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். உள்ளே வந்ததும் குடத்தை வைக்கிற சத்தத்தில் எனக்குத் தெரியும்.

இந்தத் தட்டை அவன் கையில் கொடுத்து, அவன் வந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டால் அந்த வாய்கள் எல்லாம் மூடும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவனுக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தம்.

“அத்தான், மெயின் கேட்டுக்கு மட்டும் வந்துராதீங்க. கேட்டுல விட மாட்டானுவ. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா எனக்குக் கொஞ்சம் ரெஸ்ட்டு உண்டு. பீச்சுல வந்து நில்லுங்க. நான் ஓடியாந்துருதேன்.”

“பீச்சு பெருசால்லா இருக்கும். எங்கன நிக்க?”

“குடையா நட்டு வச்சிருக்கும். அங்கன.”

ஊரின் பெயரை எழுதவில்லை. அவன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். இது யார் கண்ணிலாவது பட்டு அவனுக்கு ஒரு கெடுதல் வரக் கூடாது.

சயானில் ரயில் ஏறி, கேட்வே படகுத்துறையில் லாஞ்ச் ஏறினோம். லாஞ்சில் வந்தவர்கள் எல்லாரும் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். சக்கரம் வைத்த பெட்டி, தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கடல் பறவைகளுக்குச் சிப்ஸ் எறிந்து போட்டோ எடுத்தார்கள். அம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒயர் கூடை, கூடைக்குள் தாம்பாளம், வெற்றிலை மேல் ஈரத்துணி. வழியெல்லாம் அந்தத் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். பெரியவளே, நீ என்னிடம் கேட்டாய்: “அப்பா, அங்க போயி தண்ணில எறங்கலாமா?” எறங்கலாம் என்றேன். கடலோர ஊருக்குப் போகிறோம், கடலில் கால் வைப்பதற்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

லாஞ்ச் விட்டு, பஸ் பிடித்து அந்த ஊரில் இறங்கினோம். சின்ன ஊர். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு மார்க்கெட், நாலைந்து தெரு. மற்றபடி எல்லாம் தென்னையும் பாக்கு மரமும் சுவரும்தான். இறங்கின உடனே ஆட்டோக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. எந்த ஹோட்டல், எந்த ரிசார்ட், எந்தக் காட்டேஜ். ஒரு ஆளைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றால் அந்த ஊரில் யாருக்கும் புரியவில்லை. அங்கே ஆள் யாரும் குடியிருக்கவே இல்லாத மாதிரி.

ஒரு பையன் பட்டுச் சேலையையும் கூடையையும் பார்த்துவிட்டு மரியாதையாக வந்தான். “சாப், ஷாதி ஹை க்யா?” கல்யாணத்துக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டான். நம்மை ஆட்டோவில் ஏற்றி உட்கார்த்தியும் வைத்தான். ரிசார்ட் பெயரைச் சொன்னதும் இன்னும் குளிர்ந்தான். பெரியவளே, நீதான் வாய் சும்மா இருக்காமல், மாமா அங்கே கிச்சனில் வேலை செய்கிறார், அவரைப் பார்க்கப் போகிறோம் என்று ஹிந்தியில் சொன்னாய். பெருமையாகத்தான் சொன்னாய்.

“அச்சா. ஸ்டாஃப் கா ஆத்மி,” என்றான் அவன். வேலைக்காரனைப் பார்க்க வந்த ஆள் என்று ஆனதும் சாப் என்கிற மரியாதை போய்விட்டது. அதற்குள் சக்கரப் பெட்டியோடு ஒரு ஜோடி வந்தது. எங்களை இறங்கச் சொல்லி, அந்தப் பக்கம் ஷேர் வண்டி நிற்கிறது, அதில் போ என்று கையைக் காட்டினான். அங்கே அதை டம்டம் என்கிறார்கள். பெரிய ஆட்டோ மாதிரி. மீன் கூடை, கேஸ் சிலிண்டர், மனுஷர் எல்லாம் ஒன்றாக ஏறுவார்கள். அதில் ஏறினோம். அம்மா கூடையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், மீன் தண்ணி தெறித்துவிடக் கூடாது என்று.

டம்டம்காரன் ஒரு முனையில் நிறுத்தினான். இதற்கு மேல் போகாது, கடல் அந்தப் பக்கம் என்றான். உண்மைதான். கடல் சத்தம் பக்கத்தில் கேட்டது. போனில் மேப்பைப் பார்த்தால் நாங்கள் நிற்கிற புள்ளியை ஒட்டியே நீலமாக இருந்தது.

இப்போது என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்கிறேன். தாராவியில் நான் யாரிடமும் வழி கேட்டதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. ஆள் நடக்கிற சந்து எதில் நுழைந்தாலும் எங்கேயாவது கொண்டுபோய் வெளியே விடும். ஒருத்தர் வாசல், ஒருத்தர் அடுப்பு, ஒருத்தர் தறி, எல்லாவற்றையும் தாண்டித்தான் போவோம். தாண்டும்போது “சாப்ட்டாச்சா” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம். நம் ஆட்களுக்கு அது காலில் ஊறிய பழக்கம். முட்டுகிற சந்து என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“இந்தால நேரா போனா கடலு,” என்றேன்.

“தாராவிக்குத்தான் நீங்க ராசா. இங்கயும் அப்படித்தானா?” என்றாள் அம்மா.

“சத்தம் கேக்குல்லா. சத்தத்தப் பிடிச்சுக்கிட்டே போவோம்.”

செம்மண் சந்து. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். சுவர் மேல் காகிதப்பூ. போய்க்கொண்டே இருந்தோம், ஒரு பெரிய இரும்புக் கேட் வந்தது. தனியார் இடம் என்று போர்டு. திரும்பினோம். அடுத்த சந்து. அதுவும் கேட்டில் முட்டியது. இதில் விருந்தினர்களுக்கு மட்டும் என்று போர்டு. வெயில் ஏறிவிட்டது. பாப்பா என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கடல் சத்தம் மட்டும் விடவே இல்லை. அடுத்த வீட்டுக் கல்யாண மேளம் மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஏங்க, வெத்தல வாடுது,” என்றாள்.

மூன்றாவது சந்தின் கடைசியில் ஒரு சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே தென்னந்தோப்பு, நடுவில் நடைபாதை, நேர் எதிரே பளிச்சென்று கடல். நான் யோசிக்கவே இல்லை. திறந்திருக்கிற கதவு என்றால் நடக்கலாம் என்றுதான் என் காலுக்குத் தெரியும். நான் முன்னால், நீங்கள் பின்னால்.

பாதிப் பாதையில்தான் தெரிந்தது, அது ஒருத்தர் வீட்டுத் தோட்டம். நீச்சல் குளத்துப் பக்கத்தில் மேஜை போட்டு ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் எங்களைப் பார்த்தார்கள். உங்கள் அம்மா, நம் சந்தில் செய்கிற மாதிரியே, புன்சிரிப்பாகத் தலையை ஆட்டி, “கானா ஹோ கயா?” என்று கேட்டாள். சாப்பிட்டுவிட்டீர்களா என்று. அதைவிட மரியாதையான வார்த்தை நமக்குத் தெரியாது.

டவுசர் போட்டிருந்த ஆள் எழுந்து நின்று வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

வாட்ச்மேன் வந்து கூடையைக் கேட்டான். அம்மா கொடுக்கவில்லை. பிடுங்கினான். ஈரத்துணியை எடுத்துப் போட்டான். தாம்பாளத்தில் தேங்காய், வெற்றிலை, கொட்டைப் பாக்கு, குங்குமம். அதைப் பார்த்ததும் மேஜையிலிருந்த வயதான அம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஏதோ செய்வினை செய்ய வந்திருக்கிறார்கள், நம் தோட்டத்தில் எதையோ போடப் பார்க்கிறார்கள் என்று ஹிந்தியில் சொன்னாள். குங்குமத்தையும் தேங்காயையும் வேறு எதற்கும் கொண்டுபோக மாட்டார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ. வாட்ச்மேன் தேங்காயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தான். வெற்றிலையை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தான்.

நான் ஹிந்தியில் சொன்னேன். பதற்றத்தில் என் ஹிந்தி குழறியது. பெரியவளே, அப்போது நீதான் முன்னால் போய் இங்கிலீஷில் பேசினாய். என் மாமாவைக் கூப்பிடப் போகிறோம், தங்கைக்குக் காது குத்துகிறோம், வழி தப்பிவிட்டோம் என்று. அவர்கள் முகமே மாறிவிட்டது. உன்னை எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்றார்கள். ஒரு கேக்கை எடுத்து உன் கையில் கொடுத்தார்கள். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இவர்களை ரோட்டில் கொண்டுபோய் விடு என்றார்கள். கடல் எதிரே கல்லெறி தூரத்தில் இருந்தது. அந்தப் பக்கம் விடச் சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. வந்த வழியே கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டான். நீ அந்தக் கேக்கைத் தின்னவில்லை. எங்கே போட்டாய் என்று நான் கேட்கவும் இல்லை.

அம்மா சந்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். வெற்றிலையைத் துடைத்து அடுக்கினாள். தேங்காயைக் குடுமி மேலே தெரிய வைத்தாள். தட்டு தாய்மாமன் கைக்குப் போகிற வரை வேறு கை படக் கூடாது என்பார்கள்.

“ஒண்ணும் ஆகல. காத்து பட்டுருச்சுன்னு வச்சுக்குவோம்,” என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் சந்துக்குள் நுழையவில்லை. ரோட்டோரம் கருவாடு விற்றுக்கொண்டிருந்த மீன்காரக் கிழவியிடம் வழி கேட்டேன். அவள் மராத்தியில் சொன்னதை, பெரியவளே, நீ எனக்குத் தமிழில் சொன்னாய். முன்னெல்லாம் ஊரில் எந்தப் பக்கம் இறங்கினாலும் கடல்தானாம். இப்போது எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு வழிதான் மிச்சம். சுடுகாட்டு வழி. அங்கே மட்டும் யாரும் காட்டேஜ் கட்ட வரவில்லை. எரிக்கிற மேடையைத் தாண்டினால் மணல்.

உங்கள் அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் வர மாட்டேன்.”

“நேரமாச்சுளா. அவனுக்கு ரெஸ்ட்டு முடிஞ்சிரும்.”

“புள்ள காதுகுத்துக்குக் கொண்டு போற தட்டு. சுடுகாடு வழியா கொண்டு போகச் சொல்லுதியளா? கோட்டி கீட்டி பிடிச்சிருச்சா உங்களுக்கு?”

“வேற வழி இல்லங்காவ.”

“அப்ப நீங்க போயி அவனக் கூட்டியாங்க. நான் இங்கன நிக்கேன். பிள்ளைய ரெண்டும் எங்கூட நிக்கட்டும்.”

பெரியவளே, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வருவேன் என்றாய். அம்மா உன்னை இழுத்துப் பிடித்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கடலைக் காட்டுகிறேன் என்று கூட்டிவந்த பிள்ளைக்கு அன்றைக்கு அந்தத் தோட்டத்தில் பார்த்த கடல்தான் கடல்.

சுடுகாட்டில் யாரும் இல்லை. ஒரு மேடை, தகரக் கொட்டகை, அடுக்கி வைத்த விறகு. அதைத் தாண்டின உடனே மணலும் வெளிச்சமும். ஒட்டகம் ஒன்று மணி கட்டி நின்றது. தண்ணீரில் மஞ்சள் படகில் பிள்ளைகள் கத்திக்கொண்டு போனார்கள். கரையோரமாகவே நடந்தேன். குடைகள் வந்தன. குடைகளுக்கு முன்னால் மணலில் வெள்ளைக் கம்பு நட்டு ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். என் முழங்காலுக்குத்தான் இருக்கும். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ரிசார்ட், இந்தப் பக்கம் ஊர்.

உங்கள் மாமா வெள்ளைச் சட்டையும் கட்டம் போட்ட பேண்ட்டுமாக, கையில் இளநீர்த் தட்டோடு வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அவ்வளவு வேகமாக வந்தவன் கயிற்றுக்கு முன்னால் நின்றுவிட்டான். நானும் நின்றேன். பாப்பாகூடத் தாண்டிவிடும் கயிறு அது.

“அக்கா எங்க அத்தான்?”

“ரோட்டுல நிக்கா. சுடுகாட்டு வழி தட்டக் கொண்டுட்டு வர மாட்டாளாம்.”

“அவ சொல்லுதது சரிதான். எங்களுக்கெல்லாம் தெனம் அந்த வழிதான்.” சிரித்தான். “அத்தான், இன்னைக்கு ரெஸ்ட்டு கிடையாது. கல்யாணப் பார்ட்டி ஒண்ணு சாயங்காலம் வரணும், இப்பமே வந்து எறங்கிட்டானுவ. என்னால ரோட்டு வரைக்கும் வர முடியாது.”

“ஒரு எட்டு வந்துட்டுப் போயிரேன்ல.”

அவன் கண்ணால் பின்னால் காட்டினான். விசில் வைத்த ஒரு ஆள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“கிச்சனுக்குப் பின்னாடி ஒரு கேட்டு இருக்கு. மீன் வண்டி வார கேட்டு. ரோட்டுல இருந்தே வரலாம், சுடுகாடு வராது. அங்கன கூட்டியாங்க.”

“அத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதால?”

“அங்கன உங்கள நிக்க வைக்க எனக்கு மனசு வரல அத்தான்,” என்றான்.

ஏன் மனசு வரவில்லை என்று அங்கே போனபோது தெரிந்தது. காலி சிலிண்டர்கள், ஈ மொய்க்கிற டிரம், அழுகின காய்கறி, சாக்கடையில் மீன் செதில். இரும்புக் கம்பிக் கேட். உங்கள் அம்மா பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கு முன்னால் நின்றாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவள் தம்பி.

“ஏல, மெலிஞ்சு போயிட்டியேல.”

“கிச்சன்ல நிக்கவன் எவன் மெலிவான்? நீ கண்ணாடி போடுக்கா.”

“கண்ணாடி போட்டா ஒன்ன இன்னும் தெளிவால்லா பாக்கணும். வேண்டாம்ப்பா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். கம்பி வழியாகக் கையை நீட்டி அவன் பாப்பாவைக் கூப்பிட்டான். பாப்பா, உனக்கு அவன் யார் என்று தெரியவில்லை. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாய். மாமாடா, மாமாடா என்று அம்மா சொல்லச் சொல்ல நீ இன்னும் அழுத்திக்கொண்டாய். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

“கேட்ட ஒரு நிமிசம் தொறக்கச் சொல்லுல. தட்டக் குடுக்கணும்,” என்றாள்.

அவன் காவலாளியிடம் கேட்டான். வண்டி வந்தால்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவாம். காவலாளி கெட்டவன் இல்லை. மேலே கேமராவைக் காட்டிக் கையை விரித்தான்.

தாம்பாளம் கம்பிக்குள் நுழையவில்லை. நேராக வைத்துப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள். சாய்த்தபோது குங்குமம் கொட்டியது. அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு, கல்கண்டு. அவன் ஏப்ரனை ஏந்திப் பிடித்து வாங்கினான். அதில் மசாலாக் கறை. ஜெயிலில் இருக்கிறவனுக்குச் சாப்பாடு கொடுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. உள்ளே இருக்கிறது அவனா, நாங்களா என்றுதான் தெரியவில்லை.

காலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அம்மா சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

“பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கு. தாய்மாமன் நீ வந்து மடில வச்சு நடத்திக் குடுக்கணும்.”

“என்னைக்குக்கா?”

“ஞாயித்துக்கெழம.”

அவன் முகம் விழுந்தது. “ஞாயிறாக்கா.”

“ஞாயிறு வச்சாத்தானல நம்ம சனம் வரும். கார்கானா பூரா அன்னைக்குத்தான லீவு.”

“உங்களுக்கு லீவுன்னா எங்களுக்கு அன்னைக்குத்தாம்க்கா கூட்டம். உயிரே போனாலும் ஞாயிறு விட மாட்டான்.”

உள்ளேயிருந்து யாரோ அவனைக் கத்திக் கூப்பிட்டார்கள்.

“ஒனக்கு எந்தக் கெழம தோது? சொல்லு.”

“புதன்னா கேட்டுப் பாக்கலாம்.”

“அப்ப புதன். ஒனக்காகத்தாம்ல மாத்துதேன். வந்துரணும்.”

“வந்துருதேன்க்கா.” ஏப்ரனை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஒரு வாழைப்பழம் கீழே விழுந்தது. எடுக்கத் திரும்பவில்லை.

வழியெல்லாம் உங்கள் அம்மா காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நம் சந்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகக் குழாயடியில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள், தம்பிக்குப் பாக்கு வைத்துவிட்டு வருகிறேன், புதன்கிழமை காதுகுத்து என்று. புதன்கிழமை யார் வருவார்கள் என்று ஒருத்தி கேட்டாள். என் தம்பி வருவான் என்றாள்.

புதன்கிழமை வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் சின்ன ஹாலில் பாய் விரித்தோம். ஆண்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். என் முதலாளியிடம் நான் லீவு வாங்கியதே பெரும்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள், சிலர் தாகா கட்டிங் மூட்டையையும் கையோடு கொண்டுவந்தார்கள். ஆசாரி வந்து தங்கக் கம்பியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பாதிப் பாய் வெறுமையாகக் கிடந்தது. அவனுக்காக மாற்றிய நாள்.

நல்ல நேரம் முடியப் போகிற சமயம் அவன் போன் வந்தது. அம்மாதான் எடுத்தாள். லீவு கொடுத்திருந்தார்களாம். காலையில் துணி மாற்றிக்கொண்டு கிளம்பியும் விட்டானாம். கம்பெனி ஆட்கள் ஒரு கூட்டமாக மீட்டிங்குக்கு வந்துவிட்டார்களாம். போகிறதானால் ஒரேயடியாகப் போய்விடு என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். அவன் என்ன சொன்னான் என்று எனக்கு இவ்வளவுதான் அவள் பிறகு சொன்னாள். வேலையை விட்டுவிட்டு வா என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் வந்திருப்பான். அது அவளுக்கும் தெரியும்.

“சரி. அடுப்பப் பாரு,” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

ஆசாரி என்னைப் பார்த்தார். அப்பன் மடியில் வைத்துக் குத்துகிற வழக்கம் இல்லை. ஒன்றுவிட்ட முறையில் மாமன் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பெரியம்மா சுற்றிப் பார்த்தாள். அவரைக் கூப்பிடுவோம், இவரைக் கூப்பிடுவோம் என்று பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் அம்மா போய்ப் பலகையில் உட்கார்ந்தாள். பாப்பா, உன்னை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தாய் மடில வச்சுக் குத்தக் கூடாதுல்லா,” என்றாள் அந்தப் பெரியம்மா.

“தாயா இருக்கல. எங்க அப்பன் வீட்டுல நானுந்தான பொறந்தேன். அந்த வீட்டு ஆளா இருக்கேன். நீங்க குத்துங்க ஆசாரி.”

ஆசாரி குத்தினார். நீ வீறிட்டு அழுதாய். சாதாரணமாக அந்த அழுகையை மறைக்க மாமன்மார் கூச்சலும் கேலியும் இருக்கும். அன்றைக்கு ஹால் முழுக்க உன் சத்தம் மட்டும்தான்.

சாயங்காலம் அம்மா மறுபடி கத்தரியை எடுத்துக்கொண்டு சட்டை மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவன் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது.

“எடுத்துப் பேசேன்ளா,” என்றேன்.

“என்ன பேச? எப்படிக்கா நடந்துச்சுன்னு கேப்பான். கூட்டமா, நல்லா நடந்துச்சுன்னு சொல்லணும். என்னால இன்னைக்கு அந்தப் பொய்யச் சொல்ல முடியாது.”

போன் மூன்றாவது தடவை அடித்தபோது நான் எடுத்தேன். கூட்டத்துக்குக் குறைவில்லை, எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று அவனிடம் சொன்னேன்.